பதினேழாம் கட்டடத்தார் தண்ணீர் ஊற்றிய இரவு

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்:
அந்தத் தாளில் என் கையெழுத்தும் இருக்கிறது.

அக்டோபரில் வந்தான், குளிருக்கு ஆகாத மெல்லிய ஷூ போட்ட
ஓர் இளைஞன்.
கதவு கதவாகத் தட்டினான்.
"திடல் எங்கேயும் போகாது,
கொஞ்சம் நகரும், அவ்வளவுதான்."
பதினாறு மாடி எழும்; அதன் அடியில்
எனக்கொரு கார் நிறுத்துமிடம்.
என் பழைய டொயோட்டா இரவெல்லாம் வெளியே கிடந்து
விடியலில் இருமுவதை
அவன் எப்படியோ தெரிந்து வைத்திருந்தான்.
பேனாவும் அவனுடையதே.

திடல் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம்.
உலான்பாத்தரில்,
நான்கு கட்டடங்கள் முதுகு காட்டி நிற்கும் நடுவே
மிஞ்சிப்போன மண்.
ஊஞ்சல் கம்பங்கள் இரண்டு, ஊஞ்சல் ஒன்று.
வலையில்லாத கூடைப்பந்து வளையம்.
கம்பிகளால் ஆன பச்சை ராக்கெட்:
அதில் ஏறிய பிள்ளை எதுவும்
சாப்பிடக் கூப்பிட்டவுடன்
பூமிக்குத் திரும்பியதில்லை.

வட்டார அலுவலக வரைபடத்தில்
அந்த இடத்தில் 'காலி' என்று எழுதியிருக்கிறதாம்.
எழுதியவர்
பள்ளி விட்ட பிறகு வந்து பார்க்கவில்லை.

நவம்பரில் லாரி வந்தது.
தகரங்கள், கம்பங்கள்,
கட்டப்போகும் கோபுரத்தின் படம் அச்சிட்ட
நீளமான ஃபிளெக்ஸ்.
மூன்றாம் வாசல் துங்கலாக் குறுக்கே போய் நின்றாள்,
பல் டாக்டர்.
மேஸ்திரி வாய் கிழியக் கத்தினான்.
அவள் அந்த வாய்க்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு
"கீழே வலப்பக்கம், கடைவாய்ப் பல்.
தள்ளிப்போடாதே" என்றாள்.
அவன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டான்.
சாமான்களை அப்படியே இறக்கிப்போட்டு
நாளைக் காலை என்று போனார்கள்.

அன்றிரவு மைனஸ் இருபத்தெட்டு.

யார் முதல் வாளியைத் தூக்கியது என்று
இப்போது ஏழு பேர் உரிமை கொண்டாடுகிறார்கள்.
எனக்குக் கேட்டதெல்லாம்
படிக்கட்டில் வாளிகள் இடிக்கும் சத்தம்,
கெட்ட வார்த்தை ஒன்று, சிரிப்பு,
பிறகு தண்ணீர் மண்ணில் விழுந்து
விழுந்த இடத்திலேயே வாயடைத்துப்போகும் சத்தம்.
சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன்.
மறுபடி இந்தப்பக்கம்.

பூஸ் அவிக்கும் பாத்திரம்தான் என் வீட்டில் பெரியது.
குழாயில் வெந்நீர்தான் வந்தது, அதைப் பிடித்தேன்.
நாலு மாடி இறங்குவதற்குள் பாதி
என் கால்சட்டையில் உறைந்து நின்றது,
தகரம் உடுத்தவனைப் போல் நடந்தேன்.

கையெழுத்துப் பற்றி யாராவது கேட்பார்கள்,
கேட்டால் சொல்ல ஒரு பதில்
படிக்குப் படி தயாரித்திருந்தேன்.
துங்கலாக் ஏறிட்டுப் பார்த்தாள்.
"நடுவில் ஊற்றாதே, மேடு கட்டுகிறது.
ஓரத்துக்குப் போ."
போனேன்.
பதினோரு தடவை ஏறி இறங்கினேன்.

காலையில் வேலி இருந்தது,
ஒரு சாண் பனிக்கட்டிக்குள்.
கடப்பாரை போட்டார்கள்; கடப்பாரை துள்ளியது.
வேலையாட்களில் இளையவன் ஒருவன்
மேஸ்திரி போனில் இருந்தபோது
காலால் கொஞ்சம் சறுக்கிப் பார்த்தான்.
பிறகு கொஞ்சம் தூரமாக.

வழக்கு ஏப்ரலில்.
பனி மார்ச்சிலேயே இளகிவிடும்.
நடுவில் இருக்கும் அந்த நாட்களை
நானும் எண்ணுகிறேன், மெல்லிய ஷூக்காரனும் எண்ணுவான்.
கையெழுத்தைத் திரும்பப் பெறக் கடிதம் போட்டேன்.
போடுவதற்குப் படிவம் உண்டு,
எடுப்பதற்கு இல்லை என்று பதில்.

கார் இன்னும் வெளியேதான்.
அது சூடேறும்வரை
உள்ளே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.
பனிக்கடியில் அந்த ஃபிளெக்ஸ் தெளிவாகத் தெரிகிறது:
பதினாறு மாடி, இந்த ஊரில் வளராத மரங்கள்,
கைகோர்த்துச் சிரிக்கும் குடும்பம்.
இரண்டாம் வாசல் ஹாலியுன், ஏழு வயது,
அண்ணனின் பெரிய ஸ்கேட்டுகளில் காகிதம் திணித்துக்கொண்டு
பன்னிரண்டாம் மாடியில் விழுகிறாள்,
எழுந்து,
மொட்டைமாடியைத் தாண்டிப் போகிறாள்.